மணியின் தொடை எலும்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

தெருவாசிகளுக்கும், குடியிருப்பு நண்பர்களுக்கும், மருத்துவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் நாய் மணி நான்கு காலையும் ஊன்றி நடக்கிறான். அறுவை சிகிச்சை முடிந்த எட்டாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில், பைக் மோதி நடுவில் முறிந்த வலது தொடை எலும்பு கூடிவிட்டது தெளிவாகத் தெரிகிறது. செய்ய வேண்டியதைச் செய்தவர்களுக்கும், செய்யக்கூடாததைச் செய்யாமல் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே இந்த மடல்.

முதல் நன்றி இஸ்திரி வண்டி அண்ணனுக்கும் ஆட்டோக்கார அண்ணனுக்கும். கீழே கிடந்தவனை யாரும் வாரித் தூக்கவில்லை. பெட்ஷீட்டை அடியில் நுழைத்து, நான்கு முனையையும் பிடித்து, அடிபட்ட கால் மேலே இருக்கும்படி இஸ்திரிப் பலகைமேல் நகர்த்தினார்கள். வலியில் நாய் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால் துப்பட்டாவால் வாய்க்கட்டும் போட்டார்கள்: மூக்கின்மேல் ஒரு சுற்று, தாடைக்கடியில் ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் முடிச்சு. மூச்சுத் திணறினாலோ வாயில் ரத்தம் வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ இந்தக் கட்டைப் போடவே கூடாது.

குச்சி வைத்துக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னபோது ஆட்டோ அண்ணன் தடுத்தது பெரிய காரியம். கட்டு பலன் தர வேண்டுமானால் முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் அசையாமல் நிற்க வேண்டும். தொடைக்கு மேலே இருப்பது இடுப்பு மூட்டு. அதைக் குச்சியால் நிறுத்த முடியாது. கட்டு கீழே நழுவி, அதன் பாரமே முறிந்த எலும்பை ஆட்டி, கூரான முனை சதையையும் நரம்பையும் கிழித்துவிடும். தொடை எலும்புக்கு மாவுக்கட்டு ஒத்துவராததும் இதனால்தான்.

மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி மனிதர்களுக்கான வலி மாத்திரையைத் தர மறுத்தார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைவிட, ஒன்றைக் கொடுத்த பிறகு மருத்துவரால் நாய்க்குத் தரும் வலி மருந்தான மெலாக்சிகாமை உடனே போட முடியாமல் போகும். அந்த மருந்துகூட எடை பார்த்துத்தான்: முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., மறுநாள் முதல் 0.1 மி.கி., அதுவும் உணவுக்குப் பின், சிறுநீரகம் சரியாக இருந்தால் மட்டும்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர்கள் காலைப் பார்க்கும் முன்பே ஈறின் நிறத்தைப் பார்த்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். வண்டி மோதிய நாய்க்கு நுரையீரல் கன்றியிருக்கலாம், உதரவிதானம் கிழிந்திருக்கலாம், மூத்திரப்பை உடைந்திருக்கலாம். இவற்றைக் கவனிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் கால் பிழைத்து உயிர் போகும். விரலிடுக்கைக் கிள்ளி உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நரம்பு போயிருந்தால் எலும்பைச் சேர்த்தும் பயனில்லை.

ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் தெரிந்தது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இருந்தால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும், அறுக்கும்போது ரத்தம் நிற்காது. தொடைச் சதைக்குள்ளேயும் ரத்தம் கசிந்து சேர்ந்திருந்தது. டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள் (28 நாள் விடாமல் கொடுக்க வேண்டிய மருந்து), ரத்தமும் கேட்டார்கள். ரத்தம் கொடுக்கத் தங்கள் லாப்ரடார் நாயை அழைத்து வந்த குடும்பத்துக்கு எங்கள் கைகூப்பு. கொடையளிக்கும் நாய் 25 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உண்ணி நோய் இருக்கக்கூடாது. ஒரு பையில் 450 மி.லி. எடுப்பார்கள். முன்பு ரத்தம் ஏற்றாத நாய்க்கு முதல்முறை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இரண்டாம் முறைக்கு இரு நாய்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும். மணிக்கு இனி எப்போது ரத்தம் ஏற்றினாலும் இதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மயக்க மருத்துவர் முதலில் கேட்டது மணி என்ன ஜாதி என்பதுதான். சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான வேட்டை நாய்க்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைப் போட்டால் தெளிய வெகுநேரமாகலாம். அதனால் அதைத் தவிர்த்து, புரோபோஃபால் கொடுத்து, ஐசோஃப்ளூரேன் மயக்க வாயுவில் வைத்திருந்தார்கள். எலும்பின் வெளிப்பக்கத்தில் 3.5 மி.மீ. திருகாணிக்கான உலோகப் பிளேட் வைத்து, முறிவுக்கு மேலே மூன்றும் கீழே மூன்றுமாகத் திருகாணிகள், ஒவ்வொன்றும் எலும்பின் இரு சுவரையும் பிடிக்கும்படி முடுக்கினார்கள். எலும்புக்குள் வெறும் கம்பி மட்டும் செருகினால் செலவு குறைவுதான். ஆனால் கம்பி வளைவதைத் தடுக்குமே தவிர, எலும்பு முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது.

பலர் நினைப்பதுபோல் ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. பிளேட் என்பது சென்ட்ரிங் முட்டு மாதிரி. கான்கிரீட் இறுகுவதற்குள் பாரம் ஏற்றினால் முட்டுதான் சரியும். மூன்றாவது வாரம் வலி போனதும் நாய் குதிக்கப் பார்க்கும். எலும்பு இன்னும் கூடவில்லை, முழுப் பாரமும் உலோகத்தில். திருகாணி பிடுங்கிக்கொள்வதும் பிளேட் வளைவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் தெருப் பிள்ளைகள் மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், வாசலில் பந்து விளையாடாமல் இருந்தார்கள். செல்லங்களே, அவனைக் காப்பாற்றியதில் உங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

குடியிருப்புச் சங்கம் தரைத்தளச் சாமான் அறையை விட்டுக்கொடுத்தது. டைல்ஸில் கால் வழுக்கி விரியாமல் இருக்கச் சாக்கையும் பழைய யோகா பாயையும் விரித்தோம். தச்சர் அண்ணன் செய்த கூண்டு நின்று திரும்ப மட்டுமே இடம் தந்தது. அதுதான் சரியான அளவு. வெளியே போகும்போது அடிவயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து, பின்பக்கத்தைத் தாங்கி, ஐந்து நிமிஷம் மட்டும்.

மூன்றாம் மாடி பிசியோதெரபிஸ்ட் அக்கா கற்றுத்தந்த பயிற்சிதான் முழங்காலைக் காப்பாற்றியது. தொடை முறிந்த இளம் நாய்களுக்கு முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் கட்டையாக நீண்டுவிடும். ஒருமுறை இறுகிவிட்டால் மீட்பது மிகக் கடினம். அதனால் முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிஷம். கூடவே, மருத்துவர் சரி என்றதும், பக்கவாட்டில் படுக்கவைத்து முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுவது, ஒரு தடவைக்கு 10 முதல் 15 முறை, தினமும் மூன்று வேளை. வலித்து முனகினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

எதிர்வீட்டுப் பாட்டி, மஞ்சள் பத்துப் போடாமல் இருந்தீர்களே, அதற்குத் தனி வணக்கம். தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள், காயம் உலர்ந்திருக்க வேண்டும். நக்கினால் ஆறும் என்பதும் தவறு. நாக்கு தையலைப் பிரிக்கும், எச்சில் கிருமியை உள்ளே விடும். நக்காமல் இருக்க மாட்டும் கழுத்துக் கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருந்தால்தான் பலன். கறிக்கடை பாய் தினமும் எலும்பில்லாத கோழி தந்தார். சத்தான தீனி தின்னும் நாய்க்குக் கால்சியம் மாத்திரை தேவையில்லை, தயிர்சாதம் மட்டுமே போட்டாலோ போதாது.

பணம் அனுப்பியவர்களுக்கு: எல்லா ரசீதும் சங்க அலுவலகக் கோப்பில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பிளேட்டை எடுக்க வேண்டியதில்லை. திரும்பக் காலைத் தூக்கினாலோ சீழ் கசிந்தாலோ மட்டும் அதைப் பற்றி யோசிப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

கூண்டு, கூம்பு, தாங்கு துண்டு மூன்றையும் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். யார் வீட்டு நாய்க்குத் தேவைப்பட்டாலும் காவலாளி அண்ணனிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
மணியின் வீட்டார்