உன் மூன்றாம் அத்தியாயம் பற்றி

அன்புள்ள தேன்மொழிக்கு,

புது முகவரியைத் தம்பியிடம் வாங்கி இதை அனுப்புகிறேன். வீடு மாறியதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அடிமைமுறை பற்றி அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் 1850இல் போட்ட சண்டையைப் பற்றி நீ எழுதி, சித்திரையில் அனுப்பிய மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். போனில் சொல்ல வாய்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென் கரோலினா செனட்டர் கால்ஹூன் பற்றிய பக்கங்கள் அருமை. 1850 மார்ச் 4 அன்று தன் உரையைத் தானே வாசிக்கத் தெம்பில்லாமல், வர்ஜீனியா செனட்டர் மேசனை வாசிக்க வைத்துவிட்டு அந்த நோயாளி உட்கார்ந்திருந்ததை இரண்டே வரியில் எழுதிவிட்டாய். அந்த மாதம் தாண்டவில்லை அவர். அடிமைமுறை ஒரு நன்மை என்றே 1837இல் செனட்டில் வாதாடியவர் அவர் என்பதையும் விடாமல் சேர்த்திருக்கிறாய். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் பெருமைதான், வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

ஆனால் கென்டக்கியின் கிளே, மாசசூசெட்ஸின் வெப்ஸ்டர், கால்ஹூன் என்ற மூன்று செனட்டர்களின் பேச்சுக்கும் இருபது பக்கம் கொடுத்தவள், வாக்கெடுப்புக்கு ஒரே ஒரு பத்தியா கொடுப்பாய்? வடக்கு, தெற்கு இரு தரப்பும் விட்டுக்கொடுத்து 1850இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள் என்று முடித்திருக்கிறாய். யார் விட்டுக்கொடுத்தார்கள், சொல். பேச்சைப் பார்க்காதே, வாக்கைப் பார்.

ஜனவரி 29 அன்று கிளே எட்டுத் தீர்மானங்கள் கொண்டுவருகிறார். அவற்றை ஆராய செனட் அமைத்த பதின்மூவர் குழுவுக்கு அவரே தலைவர். மே 8 அன்று கலிபோர்னியா, யூட்டா, நியூ மெக்சிகோ, டெக்சாஸ் எல்லை நான்கையும் ஒரே மசோதாவில் கட்டி வைக்கிறார். தப்பியோடிய அடிமைகள் மசோதாவும், தலைநகரில் அடிமை விற்பனையைத் தடுக்கும் மசோதாவும் தனி. மொத்தமாகக் கட்டினால் ஒருவருக்குப் பிடித்தது பிடிக்காததையும் சேர்த்து இழுத்துவரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. நடந்தது தலைகீழ். ஒரு பிரிவை வெறுத்தவர்கள் முழுதையும் எதிர்த்தார்கள். ஜூலை 31 அன்று மேரிலாந்து செனட்டர் பியர்ஸ் நியூ மெக்சிகோ பகுதியை நீக்கச் சொன்னதும் எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்து, மாலையில் யூட்டா மட்டும் மிஞ்சியது. களைத்துப்போன கிளே ஓய்வுக்கு நியூபோர்ட் போய்விட்டார்.

இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸுக்கு அப்போது 37 வயது. அவர் அதையே தனித்தனி மசோதாக்களாகப் பிரித்தார். கலிபோர்னியா அடிமையற்ற மாநிலமாக 34க்கு 18 என்று தேறியது. அது வடக்கின் வாக்கு. தப்பியோடியவர்கள் மசோதா ஆகஸ்ட் 23 வாக்கெடுப்பில் 27க்கு 12. அது தெற்கின் வாக்கு. செனட்டில் 60 இடங்கள், வாக்களித்தவர்கள் 39 பேர். மிச்சம் 21 பேர் எங்கே என்று தேடிப் பார்த்தாயா? வடக்கத்தியர் பலர் அந்த நேரம் அவையில் இல்லை. டக்ளஸே இல்லை! எல்லா மசோதாவுக்கும் ஆம் சொன்ன செனட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரவர் தமக்கு வேண்டியதற்கு வாக்களித்தார்கள், வேண்டாததன்போது நழுவினார்கள். நடுவே நின்ற சிறு கூட்டம் இருபுறமும் மாறிமாறிச் சேர்ந்ததால் ஒவ்வொன்றும் தேறியது. இதை உடன்பாடு என்று நீ எழுதக்கூடாது. அடுத்த பத்தாண்டில் நடந்தது எதுவுமே பிறகு உனக்கு விளங்காது.

ஜூலை 9 அன்று அதிபர் டெய்லர் இறந்ததைச் சாவுச் செய்தியாக மட்டும் எழுதியிருக்கிறாய். கிளேயின் திட்டத்துக்கு அவர் எதிரி, மசோதாவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் அவர் கையில் இருந்தது. துணை அதிபராக இருந்த பில்மோர் அதிபராக வந்ததும் அந்தத் தடை போயிற்று. டெக்சாஸுக்குக் கொடுத்த ஒரு கோடி டாலரையும் மறந்துவிட்டாய். எல்லைக் கோரிக்கையைக் கைவிட அதுதான் விலை. அந்த மாநிலத்தின் கடன்பத்திரங்களை வைத்திருந்தவர்கள் வாஷிங்டனில் முகாமிட்டு ஆதரவு திரட்டினார்கள்.

யூட்டா, நியூ மெக்சிகோ சட்டங்களின் வாசகத்தை நிறுத்திப் படி. மாநிலமாகச் சேரும்போது அவர்கள் அரசமைப்பு சொல்வதுபோல அடிமைமுறையோடோ இல்லாமலோ சேர்க்கப்படும் என்கிறது. அதுவரை பிரதேசமாக இருக்கும் காலத்தில் யார் முடிவு செய்வது? அதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. வடக்கு தனக்குத் தோதாகப் படித்தது, தெற்கு தனக்குத் தோதாக. 1854இல் டக்ளஸ் அந்த இடத்திலிருந்துதான் கான்சாஸ்-நெப்ராஸ்கா பிரதேசச் சட்டத்தைத் தொடங்கினார். அடிமைமுறைக்கு வடக்கு எல்லையாக 1820இல் போட்ட 36 பாகை 30 கலைக் கோடு அதில் போயிற்று. செனட்டில் 37க்கு 14, பிரதிநிதிகள் சபையில் 113க்கு 100. சொல்லாமல் விட்டதெல்லாம் நாலே வருடத்தில் திரும்பி வந்தது, கண்ணு.

இப்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த இடம். தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாய். ஆறாம் பிரிவு: பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி கிடையாது, உரிமை கோருபவரின் பிரமாணப் பத்திரம் போதும். ஐந்தாம் பிரிவு: கூப்பிட்டால் எந்தக் குடிமகனும் வேட்டைக்கு உதவ வேண்டும். ஏழு: தடுத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எட்டு: ஆளைத் திருப்பி அனுப்பினால் வழக்கை விசாரிக்கும் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5. அனுப்பும்போது எழுத்து வேலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். ஒரு மனிதரின் வாழ்நாள் முழுதும் அந்த ஐந்து டாலர் வித்தியாசத்தில் நிற்கிறது. அதை எண் 47 அடிக்குறிப்பாகவா வைப்பாய்? உன்னால் எப்படி முடிந்தது?

மூன்று பெரிய மனிதர்களும் பேசிய அவையில் அந்தச் சட்டம் யாரைப் பிடிக்குமோ அவர்களில் ஒருவர்கூட இல்லை. இதுதான் அத்தியாயத்தின் நடுவில் இருக்க வேண்டியது. 1854 மே 24 அன்று பாஸ்டனில், தப்பியோடி வந்த ஆண்டனி பர்ன்ஸ் பிடிபடுகிறார். மே 30 அன்று கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டமாகிறது. ஜூன் 2 அன்று படை சூழ அவரைத் தெரு வழியே கப்பலுக்கு நடத்திப் போகிறார்கள். அதுவரை ஒதுங்கியிருந்த மாசசூசெட்ஸ் வியாபாரிகளை அசைத்தது அந்த ஊர்வலம், எந்தத் தலைவரின் உரையும் இல்லை. 1850 மார்ச் 7 உரையில் அந்தச் சட்டத்துக்குத் துணைநின்ற வெப்ஸ்டரின் இடத்துக்கு அந்த மாநிலம் 1851இல் சார்ல்ஸ் சம்னரை அனுப்பியிருந்தது. 1856 மே 22 அன்று செனட்டுக்குள்ளேயே அவரைப் பிரம்பால் அடித்துச் சாய்த்தவர் தென் கரோலினாவின் பிரஸ்டன் புரூக்ஸ். புரூக்ஸ் பதவி விலகினார், அவர் ஊர் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. இரண்டு ஊரும் தத்தம் ஆளைக் கொண்டாடின. இதையெல்லாம் ஒரே இழையாகக் கோர்க்க உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

நாலாம் அத்தியாயம் தொடங்கினாயா? லிங்கனை எடுத்த எடுப்பிலேயே விடுதலைத் தலைவராக நிறுத்திவிடாதே. 1858 செப்டம்பர் 18 அன்று சார்ல்ஸ்டன் என்ற இல்லினாய் ஊரில், கறுப்பருக்கு வெள்ளையரோடு சமூக, அரசியல் சமத்துவம் தர நான் சொல்லவில்லை என்று பேசியவரும் அவர்தான். அதை மறைக்காதே. அவர் அசையாமல் நின்ற இடம் ஒன்று: அடிமைமுறை புதுப் பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது. கென்டக்கி செனட்டர் கிரிட்டண்டன் 1860 டிசம்பரில் அந்த 36 பாகை 30 கலைக் கோட்டை மேற்கே நீட்டித் தரச் சொன்னபோதும் அதில்தான் அவர் மறுத்தார். தேர்தலை விரிவாக எழுதாதே, சுருக்கமாகப் போதும்: ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் 57 சுற்று வாக்கெடுத்தும் வேட்பாளர் கிடைக்காமல் பிளந்தது, பத்துத் தென் மாநிலங்களில் லிங்கனுக்கு ஓட்டுச்சீட்டே இல்லை, 180 தேர்வாளர் வாக்கோடு ஜெயித்தார். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் யார் எதற்கு வாக்களித்தார் என்று பார்த்துவிட்டு எழுது. மறுபடி சொல்கிறேன் என்று கோபிக்காதே.

ஐந்து முதல் எட்டு வரையிலான பிரிவுகளை முழு வாசகமாகப் பின்னிணைப்பில் போடு. வாக்குப் பட்டியல்களுக்கு அந்த ஊர் நூலகத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவை நடவடிக்கைகளைப் பதிந்த காங்கிரஷனல் குளோப் முழுதும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் கிடைக்கிறது, எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். மேல்மாடி அறைக்கு ஏசி போட்டாயிற்று. நெட் லைனும் நல்ல வேகம்தான்.

அன்புடன்,
அம்மா