பிச்சிப்பூ போட்ட வத்தகைப்பழம்

பலெர்மோ
ஆகஸ்ட் 18

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிவிட்டது, கோபிக்காதே. மடு மாதா திருவிழாவுக்குப் போய் வந்திருப்பாய். கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இங்கேயும் அதே 15ஆம் திகதிதான் பெருநாள். பெயருக்கு மாதா திருநாள், ஆனால் ஊர்ச்சனம் முழுக்க மொண்டெல்லோ கடற்கரையில் நின்றது. பெர்ராகோஸ்தோ என்பார்கள். அகுஸ்துஸ் சக்கரவர்த்தி காலத்து விடுமுறையின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இத்தாலிக்காரர் பழத்தையும் சமைப்பார்களாமே, உண்மையா?" என்று கேட்டிருந்தாய். வந்த புதிதில் எனக்கும் அது அருவருப்பாகத்தான் இருந்தது. முலாம்பழத் துண்டின் மேல், உப்பிட்டுக் காயவைத்த பன்றி இறைச்சியைக் கடதாசி மாதிரிச் சீவிப் போட்டுத் தருவார்கள். நான் சாப்பிடுவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுத் தின்ற எங்களுக்கு அவர்களைச் சிரிக்க என்ன யோக்கியதை?

வடக்கே பியமொந்தேயில் பீச் பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்துவிட்டு, குழியில் அமரெத்தி பிஸ்கட் தூள், கொக்கோ, முட்டை மஞ்சள் கரு, சீனி எல்லாம் பிசைந்து அடைத்து அவணில் வைக்கிறார்கள். அமரெத்தியில் ஒரு மெல்லிய கசப்பு உண்டு. பெரும்பாலும் அது அப்ரிகொட் கொட்டைப் பருப்பிலிருந்து வருவது. ஒரு கொட்டையை எடுத்த இடத்தில் இன்னொரு கொட்டையின் கசப்பை வைத்து மூடுகிறார்கள் பார்! கெட்டிக்காரர்தான். ஆனால் இந்த வெயிலில் அவணைப் போட எனக்கு மனம் வராது.

எங்கள் பலெர்மோக்காரரின் சங்கதி வேறு. இங்கே கோடையில் வத்தகைப்பழத்தில் 'ஜெலோ' என்றொரு இனிப்புச் செய்வார்கள். ஜூலையில் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் தேர் ஓடும் நாளில் தொடங்கும். நம் ஆட்கள் சைவம், வேதம் பாராமல் மலையேறிக் கும்பிடுகிறார்கள் என்று முன்பு எழுதினேனே, அதே ரொசாலியாதான்.

கீழ் வீட்டுச் சிஞ்ஞோரா சொல்லித் தந்த கணக்கு இது. வத்தகைப்பழத்தை அரிதட்டில் மசித்து வடித்த சாறு 1 லீட்டர், மாப்பொருள் 90 கிராம், சீனி 100 கிராம். பழம் நல்ல இனிப்பென்றால் சீனியைக் குறை. அடுப்பில் வைத்துக் கிண்டி, இறுகி வந்ததும் சின்னக் கோப்பைகளில் ஊற்றி ஆறவிட வேண்டும். மேலே சொக்லேட் துண்டுகள், எட்னா மலைப் பக்கத்துப் புரோந்தே பிஸ்தா, கொஞ்சம் கறுவாத்தூள். சொக்லேட் துண்டு எதற்கென்று நினைக்கிறாய்? வடித்தெறிந்த விதைக்குப் பதிலாம்!

முதல் தரம் செய்தபோது அவசரத்தில் கொதிக்கிற சாற்றில் மாவை அப்படியே கொட்டிவிட்டேன். கட்டி கட்டியாகச் சிவப்புக் கொழுக்கட்டை. சிஞ்ஞோரா எட்டிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டா. குளிர்ந்த சாற்றிலேயே மாவைக் கரைத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்ட வேண்டுமாம். ஒடியல் கூழுக்கு மாவைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றும் கைக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மா இருந்திருந்தால் அகப்பையால் போட்டிருப்பா.

நான் சொல்ல வந்தது அதுவல்ல, பூவைப் பற்றி. இந்த ஜெலோவுக்கு வாசனை கொடுப்பது மல்லிகைத் தண்ணீர். எங்கள் பிச்சிப்பூ வகைதான். பின்னேரம் மொட்டாகப் பறித்து, ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். விடிய மூடியைத் திறந்தால் அத்தனையும் தண்ணீருக்குள் விரிந்து கிடக்கிறது. குசினி முழுக்க வெள்ளிக்கிழமைக் கோயில் வாசம். பூவை வடித்து, அந்தத் தண்ணீரில் ஒரு சின்னக் கோப்பை அளவு சாற்றில் சேர்த்தால் போதும். கூடினால் தலைக்கு எண்ணெய் வைத்த மாதிரி இருக்கும், அதையும் செய்து பார்த்துவிட்டேன். தலையில் வைத்தோம், சாமிக்கு வைத்தோம், இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது வாயில் வைக்கத் தோன்றியதா நமக்கு?

இங்கே பிறந்த மூத்தவளுக்கு இதில் ஒரு புதினமுமில்லை. அவளுக்கு ஜெலோ என்றால் எங்களுக்குப் பாயாசம் மாதிரி. ஒடியல் கூழைத்தான் மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்க்கிறாள்.

இன்னொன்று, நாகதாளிப் பழம் இங்கே காசு கொடுத்து வாங்கும் சாமான், தெரியுமா? பெயர் வேறு 'இந்திய அத்தி'. மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்ததற்கு அப்படியொரு பெயர். ஜூன் மாதத்தில் முதல் பூவை வேண்டுமென்றே தட்டிவிடுகிறார்கள். செடி திரும்பப் பூத்து, இலையுதிர் காலத்தில் பெரிதாக, விதை குறைவாகக் காய்க்கும். வேலியோரம் முள் குத்தக் குத்தத் தின்றோமே, யாருக்காவது இந்த யோசனை வந்ததா?

உனக்குப் பீச் கிடைக்காது. வத்தகை கிடைக்கும்தானே, செய்து பார். கோர்ன் பிளவர் போதும். பூ மட்டும் உன் முற்றத்துச் செடியில் பறி. கடைப்பூவுக்கு மருந்தடித்திருப்பார்கள். உன் சின்னவன் சொக்லேட்டை மட்டும் பொறுக்குவான், எண்ணிப் போடு.

ஒடியல் மா முடிந்துவிட்டது. வருகிற ஆரிடமாவது அரைக் கிலோ கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழி