நவம்பர் பிற்பாதி: தில்லிவாழ் உறுப்பினர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். பகல் வெயில் இதமாகத்தான் இருக்கும், 26, 27 டிகிரி வரை. அதை நம்பி மெல்லிய சட்டையோடு இரவில் வெளியே போகாதீர்கள். மாதக் கடைசியில் விடியற்காலை வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்குவது வழக்கம்.

குளிரைவிடக் காற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கிறது. வண்டிப் புகையும், பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல்தாளின் புகையும் அதற்கடியில் தேங்கிவிடுகின்றன. இன்று காலை பால்கனிக் கம்பியைத் துடைத்த வெள்ளைத் துணி கறுத்துவிட்டது. காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் நாட்களில் பெரியவர்களும் குழந்தைகளும் அதிகாலை நடையை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. துணி முகக்கவசம் போதாது, என்-95 வேண்டும்.

காஷ்மீரில் பனி கொட்டியதாகச் செய்தி வந்தால், அடுத்து இங்கே வடமேற்குக் காற்று வீசும். புகை கலையும், குளிர் ஏறும். கம்பளிகளை இப்போதே வெயிலில் போட்டு எடுங்கள். அடர்ந்த மூடுபனி பெரும்பாலும் டிசம்பர் நடுவில்தான் தொடங்கும். ஊருக்கு ரயில் டிக்கெட் எடுப்பவர்கள் அதற்கு முன்பாகவே நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.