சீரோ சுகர் டின்னும் சேர்த்துத்தான், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். உன் அப்பாவுக்குத்தான் இன்னும் உதறல், அதுவும் அதே மாதிரி ஆபரேஷன் செய்துகொண்ட என்னைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்த பிறகும். சரி, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் நீ ஒன்று கேட்டாயே, "சர்க்கரை போட்ட கூல்டிரிங்க்ஸை விட்டாச்சும்மா, இப்போ சீரோ சுகர்தான் குடிக்கிறேன், கலோரியே கிடையாது, அதையும் எதுக்கு நிறுத்தச் சொல்றாங்க" என்று, வீட்டில் ஆட்கள் இருந்ததால் அப்போது நான் சும்மா "ம்ம்" கொட்டிவிட்டு விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சீட்டில் "கார்பனேட்டட் பானங்களைத் தவிர்க்கவும்" என்று ஒற்றை வரி இருக்கும், எனக்குக் கொடுத்ததிலும் அப்படித்தான், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. காரணம் சொல்லாமல் எதையும் விடுகிற பிள்ளை நீ இல்லை என்பது உன்னை வளர்த்தவளுக்குத் தெரியாதா, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சர்க்கரையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. உன் புது வயிற்றுக்கு முதல் தொல்லை கேஸ்தான், கூல்டிரிங்க்ஸில் ஏற்றுகிற கார்பன் டை ஆக்சைடு. சாத்தூர் மாமாவின் சோடா கம்பெனியில் நீ சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறாய். தண்ணீரைச் சில்லென்று ஆக்கிய பிறகுதான் அவர் கேஸை ஏற்றுவார், ஏனென்றால் குளிர்ந்த தண்ணீர்தான் கேஸை நன்றாகப் பிடித்து வைக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்காது. அப்புறம் பாட்டிலைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கிற அழுத்தத்திலேயே கோலி மேலே ஏறி ரப்பர் வாஷரில் போய் அடைத்துக்கொள்ளும். அந்தக் கண்ணாடிக் கோலியை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிறுத்துவது வெறும் கேஸ், நீ கட்டை விரலால் அமுக்கினாலும் லேசில் இறங்காது. இப்போது நீ ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டின்னை வயிற்றுக்குள் அனுப்புகிறாய், உள்ளே 37 டிகிரி சூடு. பிடித்து வைத்த கேஸெல்லாம் அங்கே வைத்துத்தான் வெளியே வரும். 330 மில்லி டின் ஒன்றில் கரைந்திருக்கிற கேஸை முழுதாகத் திறந்து விட்டால் ஒரு லிட்டருக்கும் மேலே வரும் என்று மாமாவே சொல்வார். இப்போது உனக்கு இருக்கிற வயிறு தாராளமாக விரியும், பெரிய ஏப்பமாக விட்டுத் தள்ளிவிடும். நாளைக்கு?

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள், ஆரம்பத்தில் அதற்குள் 100, 150 மில்லிதான் நிற்கும். இதில் ஒரு சங்கதி உண்டு, இரைப்பையின் மேல்பக்கம் குண்டாக ஒரு பகுதி இருக்கிறதே, கேஸ் சேர்ந்து ஏப்பமாகக் கிளம்புவது அங்கிருந்துதான், வெட்டி எடுப்பதில் அதுவும் போய்விடுகிறது. ஆக கேஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை, நெஞ்சுக்கு நடுவே வந்து கல்லாக நிற்கும். உனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் அதிகம், ஸ்லீவ் செய்தால் அது இன்னும் கூடலாம் என்றுதானே உன் டாக்டர் பைபாஸ் சொல்லியிருக்கிறார், இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து நேரே சிறுகுடலோடு சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன், அதில் பை இன்னும் சின்னது, சுமார் 30 மில்லி. ரெண்டு டேபிள்ஸ்பூன்! அந்த ரெண்டு ஸ்பூன் இடத்துக்குள் ஒரு லிட்டர் கேஸை அனுப்பினால் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், இஞ்சினியர்தானே.

கேஸ் போய்ப் போய்ப் பையே விரிந்துவிடும், ஆபரேஷனே வீணாகிவிடும் என்று உன்னைப் பயமுறுத்த நாலு பேர் வருவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதற்கு உறுதியான ஆதாரம் பெரிதாக இல்லை, டாக்டர்களே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆனால் தைத்த இடம் ஆறுவதற்குள் உள்ளே அழுத்தம் ஏறக்கூடாது என்பதிலும், வலியும் உப்புசமும் எதுக்களிப்பும் வரக்கூடும் என்பதிலும் யாருக்கும் ரெண்டு கருத்து கிடையாது. எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

சீரோ சுகர் விஷயம் இப்போது புரிந்திருக்கும், கலோரி இல்லையே தவிர கேஸ் அதே கேஸ், புளிப்புக்காகச் சேர்க்கிற அமிலமும் அப்படியே. உன் நெஞ்செரிச்சலுக்கு அது வேறு எண்ணெய் ஊற்றும். அப்புறம் அதில் இருக்கிற கஃபீன். நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்க நீ அதைத்தானே குடிக்கிறாய், கோலா டின் ஒன்றில் 30, 40 மில்லிகிராம் கஃபீன், எனர்ஜி டிரிங்க் என்றால் 250 மில்லியிலேயே 75, 80 வந்துவிடும். அதைப் பட்டென்று நிறுத்தினால் மறுநாளே தலை விண்விண்ணென்று தெறிக்கும், எரிச்சல் வரும், எதிரில் இருப்பவன் மேல் விழுந்து பிடுங்குவாய், சிலருக்கு இது ஒரு வாரம் கூட இழுக்கும். இந்தக் கூத்து ஆபரேஷன் வாரத்தில் வேண்டாம். அதனால் இன்றிலிருந்தே குறை, ஒரு நாளைக்கு மூன்று குடிப்பவன் இரண்டு, அப்புறம் ஒன்று, அப்புறம் பாதி. தலை வலித்தால் மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டி வாங்குகிற பழக்கமும் இத்தோடு போகட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகையறா பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகவே ஆகாது, பையும் குடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் வந்துவிடும். எந்த மாத்திரை ஆகும் என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்.

சர்க்கரை போட்டதை விட்டது நல்லதுதான், அதைப் பாராட்டாமல் விட்டால் நீ கோபித்துக்கொள்வாய். 100 மில்லி கோலாவில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை, உன் பழைய 600 மில்லி பாட்டிலில் அறுபது கிராமுக்கு மேல். இந்த மாதிரி சேர்த்த சர்க்கரை நாள் முழுக்கச் சேர்த்தே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபரேஷனுக்கு முன்னால் ரெண்டு வாரம் உனக்கு ஒரு டயட் கொடுப்பார்கள், பெரும்பாலும் 800லிருந்து 1,000 கலோரிக்குள், அது உன்னை இளைக்க வைக்க என்று நினைத்துக்கொள்ளாதே. கல்லீரலைச் சுருக்கத்தான் அது. கல்லீரலின் இடது பக்கம் இரைப்பை மேலே படுத்திருக்கும், கொழுப்பு ஏறி அது கனத்துக் கிடந்தால் டாக்டர் சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது கஷ்டம். அந்த ரெண்டு வாரத்தில் "ஒரே ஒரு பொவன்டோ" என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதே, காளிமார்க் நம் விருதுநகரில் பிறந்ததுதான், பாசம் எனக்கும் உண்டு, இருந்தாலும் வேண்டாம்.

பைபாஸுக்குப் பிறகு சர்க்கரைத் தண்ணீர் எதுவுமே வேறு மாதிரி வேலை காட்டும், கேஸ் இல்லாவிட்டாலும். அது பையில் நிற்காமல் நேரே சிறுகுடலுக்குள் கொட்டும், அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றைப் பிசைகிற வலி, பேதி. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கிக் கண் இருட்டும். டம்பிங் என்பார்கள். கூல்டிரிங்க்ஸைத் திறந்து வைத்துக் கேஸைப் போகவிட்டுக் குடிக்கலாமா என்று ஒரு புத்திசாலித்தனம் உனக்குத் தோன்றும், தோன்றாமல் இருக்காது, சர்க்கரை அப்போதும் அதில் அப்படியேதான் இருக்கும். ஜிகர்தண்டாவும் கல்யாண வீட்டுப் பாயசமும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இதையெல்லாம் ஆபரேஷன் முடிந்த பிறகு விட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. அன்றைக்கு உனக்குத் தண்ணீர் குடிப்பதே ஒரு வேலையாக இருக்கும். மடமடவென்று குடிக்க முடியாது, ஒரு வாய், கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய், இப்படியே நாள் முழுக்க உறிஞ்சி ஒன்றரை லிட்டரைத் தொட்டாக வேண்டும். தண்ணீர் போதாமல் உடம்பு வறண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தாகம் என்றாலே டின்னைத் தேடிப் பழகிய நாக்கு வெறும் தண்ணீரைப் பார்த்து முகத்தைச் சுளிக்கும், உனக்கு அது நன்றாகத் தெரியும், பள்ளிக்கூட வாட்டர் பாட்டிலை நிறைத்தபடியே திருப்பிக் கொண்டுவருவாய். அதனால் இப்போதே ஒரு சின்ன டம்ளரை மேஜையில் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடித்துப் பழகு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ஸ்ட்ரா வேண்டாம், அதோடு காற்றையும் சேர்த்து விழுங்குவாய்.

நாக்கு கேட்பது என்ன என்று நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். இனிப்பைவிட அந்தச் சுருக்கென்ற கடிதான், கேஸ் நாக்கில் பட்டு அமிலமாகிக் குத்துகிற அந்தக் குத்து. அதை வேறு வழியில் கொடுக்கலாம். ஒரு துண்டு இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியதும் எலுமிச்சை நாலு சொட்டும் ஒரு கல் உப்பும் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்துப் பார், தொண்டையில் பாதிக் குத்து கிடைக்கும். இல்லையென்றால் நன்னாரி வேரைக் கழுவி, லேசாகத் தட்டி, நடுவில் இருக்கிற கட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் வெள்ளைத் துணியில் முடிந்து பானைத் தண்ணீரில் போட்டுவை, ராத்திரி போட்டால் காலையில் வீடே மணக்கும். கடையில் விற்கிற நன்னாரி சர்பத் பாட்டில் வேண்டாம், அது முழுக்கச் சர்க்கரைப் பாகு. நீர்மோர், சீரகத் தண்ணீர் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் மட்டும் டயட்டீஷியன் அனுமதித்ததைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது, இஞ்சியும் அப்போது கேட்டுவிட்டுத்தான்.

இன்னொன்று, ஊர்க்காரர்களிடம் ஜாக்கிரதை. ஆபரேஷன் செய்யும்போது வயிற்றை உப்ப வைக்க உள்ளே செலுத்துவதும் அதே கார்பன் டை ஆக்சைடுதான், அதில் கொஞ்சம் தங்கித் தோள்பட்டை வலிக்கும், மெதுவாக நடந்தால் சரியாகிவிடும். எனக்கு அப்படி வலித்தபோது எதிர்வீட்டு அத்தை, "வாயு பிடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா ஏப்பம் வந்து சரியாப் போயிடும்" என்று எலுமிச்சை பிழிந்த சோடாவோடு வந்து நின்றார்கள், டம்ளர் விளிம்பில் நுரை வழிந்துகொண்டிருக்கிறது, குடிக்காமல் திருப்பி அனுப்பியதில் அவர்களுக்கு வருத்தம். அப்புறம் ஈனோவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதுவும் தண்ணீரில் போட்டதும் பொங்குகிறதே, அந்தப் பொங்கல் என்ன, கேஸ்தானே. விட்டமின் மாத்திரையிலும் தண்ணீரில் கரைத்துப் பொங்கவிடுகிற வகை இருக்கிறது, உனக்கு ஆயுசுக்கும் விட்டமின் உண்டு, பார்த்து விழுங்குகிற வகையாகவோ மெல்லுகிற வகையாகவோ கேட்டு வாங்கு. பீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே. அதில் கேஸும் உண்டு, பைபாஸுக்குப் பிறகு சாராயம் எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும், பழைய அளவு என்று எண்ணிக் குடித்தால் கவிழ்ந்துவிடுவாய்.

ஆயுசு முழுக்கவா என்று கேட்பாய். சில ஆஸ்பத்திரியில் ஆயுசுக்கும் வேண்டாம் என்கிறார்கள், சில இடத்தில் சில மாதம் போனதும் கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கலாம் என்கிறார்கள், உன் டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள். நான் திரும்பிப் போகவில்லை. வைராக்கியம் எல்லாம் இல்லை, ஆசை விட்டுப்போய்விட்டது, பஸ் ஸ்டாண்டில் பன்னீர் சோடா உடைக்கிற சத்தம் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பேன்.

அடுத்த தடவை டயட்டீஷியனைப் பார்க்கும்போது, கஃபீனை எத்தனை நாளைக்கு முன்னால் முழுதாக நிறுத்த வேண்டும், டீ காபி எப்போது திரும்ப ஆரம்பிக்கலாம், இந்த ரெண்டையும் மறக்காமல் கேள். டீ இல்லாமல் நீ ஒரு நாள் தாங்கமாட்டாய். உன் ரூம்மேட் தம்பியிடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிற டின்களை ஆபீஸுக்கு எடுத்துப்போய் யாருக்காவது கொடுத்துவிடச் சொல். அந்தத் தட்டு எனக்கு வேண்டும், நான் ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன், தயிரும் மோரும் வைக்க இடம் பத்தாது.

அம்மா