சபை மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பான சபையாருக்கு,

மண்டபத் திருப்பணி கர்த்தருடைய கிருபையால் நிறைவேறிவிட்டது. கூரைச் சீற் மாற்றியாயிற்று, சுவர் பூசி வர்ணம் அடித்தாயிற்று, மின்வயர் முழுவதும் புதிது. இவற்றில் யாரும் குறை சொல்லவில்லை. மணிக்கூண்டுக்கென்று சேர்த்த பணம் தரைக்கும் மலசலகூடத்துக்கும் போனது ஏன், முதல் ஒப்பந்தக்காரரை அனுப்பியது நியாயமா என்றுதான் கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மணிக்கூண்டையும் சேர்த்து மதிப்பீடு எழுதியது 2021 இல். அடுத்த வருடமே நாட்டின் பொருளாதார நெருக்கடியில் 1,000 ரூபாயளவில் இருந்த சிமெந்து மூட்டை 3,000 ரூபாயைத் தொட்டது. வேலையைத் தள்ளிப்போட்டோம். அப்புறம் 2024 நவம்பர் வெள்ளம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த குடும்பங்களும் நம் தெருச் சனமும் பழைய மண்டபத்தில் தங்கியிருந்தபோது இரவில் தண்ணீர் உள்ளே ஏறியது. பிள்ளைகளை வாங்குகளின் மேல் படுக்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் விடியும்வரை தண்ணீரில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் இருந்தது ஒரே ஒரு மலசலகூடம். அதைக் கண்ட பிறகு மணிக்கூண்டு கட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. பொதுக்கூட்டத்தில் கையுயர்த்திக் கேட்டுத்தான் திட்டத்தை மாற்றினோம். கூட்டக் குறிப்பைப் பார்க்கலாம்.

"ஜெபம் பண்ணுகிற இடத்தை அகதி முகாம் ஆக்கிவிட்டார்கள்" என்ற பேச்சு எங்களை நோகடித்தது. இந்த மட்டக்களப்புக் கரையில் ஆபத்து வந்தபோதெல்லாம் சனம் ஓடிப்போனது கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும்தான். 1978 சூறாவளியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2004 சுனாமியில் நாவலடியும் கல்லடியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த இயேசு சபைக் குரு ஹேபர்ட் அடிகளார் வழியில் காணாமற்போனார். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் 31 பேரை இழந்தோம், அவர்களில் 14 பேர் பிள்ளைகள். இவ்வளவையும் கண்ட சபை ஜெபத்தையும் உதவியையும் பிரித்துப் பார்க்கலாமா? நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போகவில்லை, சத்திரக்காரன் கையில் காசும் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

ஜெபத்தைக் குறைத்தோம் என்பதும் சரியல்ல. மேற்குப் பக்கச் சிறிய அறை ஜெபத்துக்கென்றே கட்டியது, கதவு எந்நாளும் திறந்திருக்கும். காணாமற்போனவர்களின் பெயர்களை எழுத அங்கே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜெபத்தில் அதை உரக்க வாசிக்கிறோம். ஓர் அம்மா வாரந்தோறும் வந்து தன் மகனின் பெயரையே புதிய வரியில் எழுதுகிறார். முந்தின வாரத்துப் பெயர் மேலேயே இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறார். 2023 இல் மணிப்பூரில் ஆலயங்கள் எரிந்தபோது அந்தச் சனத்துக்காக ஜெபித்ததும் இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம்தான்.

இனி ஒப்பந்தக்காரர் விஷயம். தரையை இரண்டரை அடி உயர்த்துவது என்று பேச்சு. கிறவல் (செம்மண் சரளை) போட வேண்டும், ஆறு அங்குலத்துக்கு ஒரு தட்டாகப் பரப்பித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கிய பிறகே அடுத்த தட்டு. ஒப்பந்தத் தாளில் இது எழுத்தில் இருக்கிறது. அவர் செய்தது வேறு. வெள்ளை மணலை உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து ஒரேயடியாகக் கொட்டி, மேலே மட்டும் கொஞ்சம் கிறவல் தூவி, மறுநாள் கொங்கிறீற்றுப் போட ஆள் வரச் சொல்லிவிட்டார். வாலிபர் சங்கத் தம்பி ஒருவர் அரை அங்குலக் கம்பியைக் கையால் அழுத்தினார். அது ஒரு முழத்துக்கு மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதன்மேல் கொங்கிறீற்றுப் போட்டால் ஒரு மழைக்கே தரை வெடிக்கும். நிறுத்தச் சொன்னோம். மணலை அள்ளுவதற்கும் கிறவலுக்கும் மேலதிகமாக மூன்று லட்சம் கேட்டார். கொடுக்க மறுத்தோம். கலவை இயந்திரத்தையும் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஏழையின் வயிற்றில் அடித்தோம் என்கிறார்கள். அவர் செய்து முடித்த சுவர் வேலைக்கு அளந்து சதம் பிசகாமல் கொடுத்தோம், அவர் கையெழுத்துப் போட்ட பற்றுச்சீட்டு இருக்கிறது. அவருடைய மேசன்மாருக்கு நின்றிருந்த கூலியையும் அவர் சம்மதத்துடன் நேரே கொடுத்தோம். மேலதிகமாக அவர் தரும்படி கேட்டது சபைப் பணம். விதவைகள் பிடியரிசி விற்றுப் போட்ட காசும் அதில் உண்டு. அதைத் தவறான வேலைக்குக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. இந்த இழுபறியால் வேலை மாரிக்கு நெருங்கியதும், செலவு மதிப்பீட்டை விட ஐந்தில் ஒரு பங்கு கூடியதும் உண்மை. அப்படியிருந்தும் அந்தத் தீர்மானத்தில் நாங்கள் உறுதியாக நிற்கிறோம்.

கூடிய செலவைத் தாங்கியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். மாதர் சங்கத்தார், ஒரு நாள் மீன் விற்ற காசை அப்படியே தந்த கரைவலைச் சகோதரர்கள், அறுவடைப் பண்டிகை ஏலத்தில் ஒரே பூசணிக்காயைத் திரும்பத் திரும்ப எடுத்த அண்ணன்மார், நெல் மூட்டை தந்த வேளாண்மைக்காரர், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பழைய ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள், தரை ஓடுகளை வாங்கிய விலைக்கே தந்த காத்தான்குடிக் கடைக்கார நானா, சமையல் கிடாரங்களைத் தந்த கண்ணகி அம்மன் கோயில் நிர்வாகத்தார், கூலி வாங்காமல் கதவு செய்த ஓடாவி ஐயா. பெயர்களும் தொகைகளும் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. சலவைக்கல்லில் பொறிக்காதது குழுவின் தீர்மானம்; ஒரு ரூபா போட்டவரும் ஒரு லட்சம் போட்டவரும் பலகையில் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறார்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது வர்ணம் காய்ந்து கொஞ்ச நாள்தான். முற்றத்துத் தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றுவிட்டது. உள்ளே பாய் நனையவில்லை. நான்கு மலசலகூடங்களும் போதுமாக இருந்தன. மண்சரிவில் வீடிழந்த மலையகச் சனத்துக்காக மண்டபத்தில் தங்கியிருந்தவர்களே காணிக்கைப் பை சுற்றினார்கள். அந்தப் பணம் தனிக் கணக்காக அனுப்பப்பட்டது, பற்றுச்சீட்டு கோப்பில் உண்டு.

மீதி வேலை சாய்வுப் பாதையின் கைப்பிடி. நடக்கமுடியாதவர்கள் அதைக் கேட்டபடி இருக்கிறார்கள், பணம் போதவில்லை. கணக்குப் புத்தகமும் பில்களும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் இருக்கும். சந்தேகம் உள்ளவர்கள் அங்கே வந்து, எங்கள் முன்னால் கேளுங்கள்.

கட்டடக் குழுவுக்காக,
செயலாளர்