பூசணிக்காய்க்கு முன்னால் டர்னிப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஹாலோவீன் கட்டுரையில், 'பூசணிக்காய் விற்பதற்காக அமெரிக்கக் கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட பண்டிகை' என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டுக் கட்டுரையாளர் நிம்மதியாக அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

நான் அயர்லாந்தில், மீத் மாவட்டத்து முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். அமெரிக்கா என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 இரவை சௌவின் என்று கொண்டாடிவந்த நாடு இது. அறுவடை முடிந்து, கோடையில் மேட்டு நிலத்தில் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டிவந்து, குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாதவற்றை வெட்டுகிற நேரம். அன்றிரவு இறந்தவர்கள் வீடு திரும்புவார்கள் என்று, நாம் படையல் போடுவதுபோல இவர்களும் சாப்பாடு எடுத்துவைப்பார்கள். இங்கே தாரா குன்றில் சுமார் 5,000 ஆண்டுப் பழைய கல்லறை ஒன்று இருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் காலைச் சூரியன் நேராக அதற்குள் விழும். அதையும் அமெரிக்கக் கடைக்காரர்தான் கட்டினாரா என்று கேட்டுச் சொல்லவும்.

பூசணிக்காய்க்கு வருகிறேன். முகம் செதுக்கி உள்ளே விளக்கு ஏற்ற இங்கே குடைந்தது டர்னிப் கிழங்கை. 1845-ல் தொடங்கிய பஞ்சத்தில் பிழைக்கக் கப்பலேறியவர்கள் இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே பூசணி தாராளமாகக் கிடைத்தது, குடைவதும் சுலபம். அவ்வளவுதான் கதை. டோனகல் மாவட்டத்து டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு நகல், மேயோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மூஞ்சியைப் பார்த்தால் பெரியவர்களுக்கே பயம் வரும். போன வருடம் எங்கள் இல்லத்துத் தாத்தா ஒருவர், வாங்கிவைத்த பூசணியைத் தள்ளிவிட்டு டர்னிப்தான் வேண்டும் என்றார். என் நல்ல ஸ்பூன் ஒன்று வளைந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றியதும் டர்னிப் மூடி கருகி, கூடம் முழுக்க ஒரு வாடை. மேலாளர் ஜன்னலைத் திறக்கப் போனார், தாத்தா பாட்டிகள் விடவில்லை.

கட்டுரையோடு 'ஐரிஷ் ஹாலோவீன் கேக்' என்று ஒரு சமையல் குறிப்பு வேறு. பார்ம்பிராக் என்ற திராட்சை ரொட்டியைச் சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளவே நேரமாயிற்று. அதற்கு எதற்கு ரம்மும் கிரீமும்? உலர்ந்த திராட்சையைப் பால் இல்லாத திக்கான டீயில் ராத்திரி முழுக்க ஊறவைப்பார்கள். உள்ளே மோதிரம் வைப்பது அலங்காரத்துக்காகவும் அல்ல. அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் பணம், கந்தல் துணி வந்தால் வறுமை. எங்கள் இல்லத்தில் தொண்டையில் சிக்கும் என்று மோதிரத்தைத் தட்டில்தான் வைக்கிறோம். அதற்கே இரண்டு பாட்டிகளுக்குள் சண்டை.

எல்லாமே ஆதிகாலத்துச் சமாச்சாரம் என்று நான் அளக்க மாட்டேன். அன்றைக்குச் சாப்பிடும் கோல்கேனனில் உருளைக்கிழங்கும் கேல் கீரையும் வெண்ணெயும்தான். உருளைக்கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து பிற்பாடு வந்ததுதானே. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி அச்சுக்குப் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு முறை டப்ளினை பிரிட்டன் செய்திகளில் சேர்த்திருந்தீர்கள். 1922-லேயே தனி அரசாகிவிட்ட நாடு என்று எழுதினேன், பதில் இல்லை. அதற்கு முந்தைய கடிதத்தில் இருந்த ஒரே பாராட்டு வரியை மட்டும் எடுத்து 'வாசகர் மனம்' பகுதியில் போட்டீர்கள். குறைகள் எந்தக் கூடைக்குப் போயினவோ. சந்தா புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் மட்டும் தேதி தவறாமல் வருகிறது, மகிழ்ச்சி.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடமே பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பூசணி கொண்டுவரச் சொல்லும்போது உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன், சரி. நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இணைப்பில் அந்தக் குறிப்பைத் திருத்தி, ரம் இருக்கும் இடத்தில் டீ என்று போடுங்கள். வேகவைக்கும் முன் மோதிரத்தை பட்டர் பேப்பரில் சுற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் போதாது என்றால், கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
மீத், அயர்லாந்து