கத்தியா, கதிரா என்று கேட்ட சுந்தரத்துக்கு

அன்புள்ள சுந்தரம்,

அறுவை செய்துகொள்வதா, கதிர்வீச்சு பெறுவதா என்று கேட்ட உன் கடிதமும் ஸ்கேன் அறிக்கையின் நகலும் செவ்வாயன்று கிடைத்தன. வலது நுரையீரலின் மேல் மடலில், ஓரமாக 18 மில்லிமீட்டர் அளவில் கட்டி இருப்பதாகவும், பயாப்சியில் புற்று உறுதியாகிவிட்டதாகவும், உடலில் புற்று பரவியிருக்கிறதா என்று தேடும் பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை என்றும் அதில் கண்டேன்.

என் அக்காவுக்கு, கட்டியை மட்டும் குறிவைத்துப் பாய்ச்சும் துல்லியக் கதிர்வீச்சு கொடுத்தபோது நீ கூட இருந்ததால்தான் உன் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன். உடலின் வார்ப்புக்கேற்ப இறுகிய பையில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து முறை சிகிச்சை பெற்றாள். முதல் நாள் வீடு திரும்பியதுமே ரசத்துக்குப் புளி கரைத்தாள். ஆனால் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கிய அவளுக்கு அறுவைக்கு வழியே இருக்கவில்லை. நீயோ இன்றும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாய்.

நீ குறிப்பிட்ட 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தேன். மூன்றாண்டு முடிவில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 95 சதவீதமும் அறுவை செய்துகொண்டவர்களில் 79 சதவீதமும் உயிருடன் இருந்தனர் என்பது சரிதான். ஆனால், ஆட்கள் சேராமல் பாதியில் நின்றுபோன ஸ்டார்ஸ், ரோசெல் என்னும் இரு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. மொத்தமே 58 பேர், இறந்தவர்கள் கதிர்வீச்சுப் பக்கம் ஒருவர், அறுவைப் பக்கம் ஆறு பேர். இதை நம்பி நான் ஒரு வேட்டிகூட வாங்கமாட்டேன். 2021-இல் 80 பேருக்குக் கதிர்வீச்சு கொடுத்து, சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் துளைவழி அறுவை செய்துகொண்ட அதே போன்ற நோயாளிகளுடன் ஒப்பிட்டபோது, மூன்றாண்டில் இரு சாராரும் 91 சதவீதத்தில் நின்றனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அங்கும் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்றாலும், கதிர்வீச்சை இளப்பமாக எண்ணக் கூடாது என்பதற்கு அது போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது நிணநீர்க் கணுக்கள், அதாவது நுரையீரலை ஒட்டியிருக்கும், புற்று பரவக்கூடிய சிறு முடிச்சுகள். ஸ்கேனில் அகப்படாத நுண்ணிய பரவல் அவற்றில் இருக்கக்கூடும். அறுவை செய்பவர் அவற்றையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதால், அடுத்து மருந்துச் சிகிச்சை வேண்டுமா என்பது தெரிந்துவிடும். கதிர் தான் பாயும் இடத்தை மட்டுமே அறியும்; பின்னர் அங்கு விழும் தழும்பு, கட்டி திரும்ப வளர்கிறதா என்பதையும் ஸ்கேனில் குழப்பும். விலா வலி, நீரையும் காற்றையும் வடிக்கச் சில நாள் நெஞ்சில் செருகியிருக்கும் குழாய், கொஞ்சம் நுரையீரல் இழப்பு ஆகியவை அறுவையின் விலை. ஆனால் இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஓரக் கட்டிகளுக்கு முழு மடலையும் எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்பதை, 1,106 பேரைச் சேர்த்துக்கொண்டு 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியிருக்கிறது.

ஆகவே நீ அறுவைக்குச் சம்மதிப்பதே சரி என்பது என் கருத்து. மூச்சுத் திறன் சோதனையில் எண்கள் குறைவாக வந்தால் மாற்றிக்கொள்வேன். வியாழக்கிழமை நானும் உன்னுடன் வருகிறேன். மூச்சுக்குழாய் வழியே கணுக்களைச் சோதிக்க வேண்டுமா என்று நாமே முதலில் கேட்போம். பழைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வை.

அன்புடன்,
ராகவன்